முகவரி: பத்தாய அறை

குடவாசல்
12.6.1995

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அஃப்ரீனும் சுகம். ஷார்ஜாவில் நீங்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் சுகம் விசாரிக்க எழுதியதல்ல, சண்டை போட எழுதியது.

நிக்காஹ் முடிந்து நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? உங்கள் அம்மா, அல்லாஹ் அவர்களுக்கு சுவனம் தரட்டும், பத்தாய அறையிலிருந்து ஒரு மரக்கால் நெல் அள்ளி வரச் சொன்னார்கள். போனேன், அள்ளினேன், வந்தேன். "நெல்லு அள்ளப் போனியா, நாத்து நடப் போனியா?" என்று அடுப்படியே அதிரக் கேட்டார்கள். ஒரு மணி நேரம் ஆகிவிட்டதாம். நான் உள்ளே இருந்தது இரண்டு நிமிடம். கூடத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் அண்ணன் சமீர், படித்த பெண் உள்ளே புத்தகத்தை ஒளித்து வைத்துப் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் சொன்னார். போன வருடம் உங்கள் அம்மா மவுத்தாகும் வரைக்கும் இந்த வீட்டில் எனக்குச் சோம்பேறி என்று பெயர்.

இப்போது கேளுங்கள். நம் நிலத்தைக் குத்தகைக்கு உழும் வீரையன் அண்ணன், தை மாத அறுப்பில் எடுத்த விதைநெல் மூட்டையை நம் பத்தாய அறையில் வைத்திருந்தார் அல்லவா. போன வாரம் எடுத்துப் போய் ஊறப்போட்டார். முளைக்கவில்லை. மூட்டையோடு திரும்பி வந்து நின்றார். "தங்கச்சி, புது நெல்லு ஒன்றரை மாசமாவது கிடந்து உறக்கம் தெளியணும், அப்பதான் முளைக்கும். இது அறுத்து அஞ்சு நாளுதான் ஆன மாதிரி இருக்கு. மோந்து பாருங்க, வைக்கோல் வாசம் கூடப் போகல" என்றார். மோந்து பார்த்தேன். போகவில்லைதான்.

அன்று அரைத்த இட்லி மாவை இரண்டு பாத்திரமாக்கினேன். ஒன்று அடுப்படியில், ஒன்று பத்தாயத்தின் பக்கத்தில். காலையில் அடுப்படி மாவு பொங்கி வழிந்திருந்தது. பத்தாய அறை மாவில் கிரைண்டரின் சூடு கூட இன்னும் ஆறவில்லை.

மச்சான், அந்த அறையில் காலம் மெதுவாகப் போகிறது. நான் பைத்தியம் இல்லை, பி.எஸ்ஸி. இயற்பியல். உங்கள் அம்மாவின் ஊறுகாய் பத்து வருடம் கெடாமல் இருந்ததைக் கைராசி என்றீர்கள். நான் தாமதமாக வந்தால் மட்டும் சோம்பல். எனக்கு மன்னிப்புக் கடிதம் வேண்டும். உங்கள் அம்மாவுக்கும் சேர்த்து நீங்களே எழுதலாம்.

இப்படிக்கு,
நுஸைபா


ஷார்ஜா
1.7.1995

அன்புள்ள நுஸைபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை ரூமில் சத்தமாகப் படித்தேன். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். திருவிடைமருதூர்ப் பையன் ஒருவன், அந்த அறையில் என் லீவைக் கொண்டுபோய் வையுங்கள் பாய், தீராமல் இருக்கும் என்றான்.

நான் ஏசி மெக்கானிக். குளுமையான இடத்தில் மாவு புளிக்காது, விதை முளைக்காது. பத்தாய அறைக்கு ஜன்னல் இல்லை, சுவர் இரண்டு முழ கனம், தரை எப்போதும் சில்லென்று இருக்கும். அவ்வளவுதான். இதற்குப் போய் காலத்தை இழுக்கிறாய். அப்படியும் சந்தேகம் என்றால் நான் கொண்டு வந்த கடிகாரங்கள் மூன்று அலமாரியில் சும்மா கிடக்கின்றன. புது பேட்டரி போட்டு வைத்துப் பார்.

அம்மா பேசியதை மனசில் வைக்காதே. பழைய காலத்து மனுஷி.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் இல்லை. ஒருத்தன் டூட்டிக்குக் கிளம்புவான், ஒருத்தன் டூட்டி முடிந்து வருவான், லைட் எரிந்துகொண்டே இருக்கும். எட்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி ஆறு வருடம் ஆகிறது. இன்ஷா அல்லாஹ் ஆகஸ்டில் இந்தக் காண்ட்ராக்ட் முடிகிறது. வந்து தூங்க வேண்டும். அஃப்ரீனிடம் சொல், இந்த முறை என்னை மாமா என்று கூப்பிடக் கூடாது.

சலாஹுதீன்


குடவாசல்
20.7.1995

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெண்டாட்டி எழுதிய கடிதத்தைப் பன்னிரண்டு ஆண்களுக்குப் படித்துக் காட்டிய புருஷனுக்கு என்ன மரியாதை கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறேன். இதையும் படித்துக் காட்டுங்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மூன்று கடிகாரங்களையும் ஒரே நேரம் வைத்தேன். நானே உள்ளே போனால் என் பொழுது போய்விடும் என்று, முருங்கைக்காய் பறிக்கும் ஆறடித் துரட்டியின் நுனியில் கட்டி வாசலில் நின்றபடி உள்ளே நீட்டினேன். வாசற்படியில் வைத்த கடிகாரம் ஒரு நாளில் பத்து நிமிடம் பின்தங்கியது. நடுவில், பத்தாயத்தின் பக்கத்தில் வைத்த கடிகாரம் இருபத்து நான்கு மணி நேரத்தில் நாற்பத்தெட்டு நிமிடம்தான் ஓடியிருந்தது. கடிகாரங்களை மாற்றி மாற்றி வைத்தேன், பேட்டரியை மாற்றினேன். பத்து நாள் பார்த்தாயிற்று. கணக்கு மாறவில்லை. அங்கே ஒரு நாள் என்றால் வெளியே ஒரு மாதம். குளுமை என்றீர்களே, குளுமைக்குக் கடிகாரம் இப்படிப் பின்தங்குமா? உங்கள் ஷார்ஜா ஏசிக்குள் இருக்கிறவர்களின் கடிகாரமெல்லாம் நின்றா போய்விட்டது?

வடமேற்கு மூலைக்குப் போகப் போக இன்னும் மெதுவாகிறது. மூலை வரைக்கும் துரட்டி எட்டவில்லை, அதனால் அங்கே எவ்வளவு என்று தெரியாது. தெரியாத இடத்துக்கு யாரும் போக வேண்டாம் என்று அஃப்ரீனிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் சொல்கிறேன்.

ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாது. பாடப் புத்தகத்தில், கனமான பொருளின் பக்கத்தில் காலம் மெதுவாகப் போகும் என்று உண்டு, ஆனால் அது நட்சத்திரங்களின் கணக்கு, நம் பத்தாயத்துக்குப் பொருந்தாது. நான் நினைப்பது வேறு. ஒரே ஆற்றுத் தண்ணீர்தான், தலைமடையில் இரைந்துகொண்டு ஓடுகிறது, கடைமடையில் நடந்து வருகிறது. காலமும் எல்லா வயலுக்கும் ஒரே வேகத்தில் பாய வேண்டும் என்று யார் சொன்னது? எங்கோ மண் மேடிட்டு, நம் பத்தாய அறை அதற்குக் கடைமடையாகிவிட்டது.

கல்லூரியில் இரட்டைப் பிள்ளைகள் கணக்கு ஒன்று சொல்லித் தந்தார்கள். ஒருவன் ராக்கெட்டில் போகிறான், ஒருவன் ஊரிலேயே இருக்கிறான். போனவன் இளமையாகத் திரும்பி வருகிறான், இருந்தவன் கிழவனாகிவிடுகிறான். அந்தக் கணக்கைப் போட்டவர் வளைகுடாவிலிருந்து திரும்பிய யாரையும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

அஃப்ரீன் நாட்காட்டியில் ஆகஸ்டை மடித்து வைத்திருக்கிறாள். வாருங்கள். நேரிலேயே மன்னிப்புக் கேட்கலாம்.

நுஸைபா


ஷார்ஜா
5.9.1995

அன்புள்ள நுஸைபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஏன் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். கம்பெனிக்கு அல் அய்னில் பெரிய வேலை கிடைத்திருக்கிறது. ஆள் போதவில்லை என்று லீவைத் தள்ளிவிட்டு, இரண்டு வருடத்துக்குக் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அன்றைக்கே கையெழுத்துக் கேட்டார்கள், போட்டுவிட்டேன். மாடி கட்டி முடித்துக் கும்பகோணத்தில் ஒரு ஏசி கடை போட இந்த இரண்டு வருடம் போதும்.

கடிகாரக் கணக்கைப் படித்தேன். யாருக்கும் காட்டவில்லை. இங்கே ஒரு பழைய மலையாளி இஞ்சினியரிடம் மட்டும் பொதுவாகக் கேட்டேன். கடிகாரம் மூன்றும் சேர்ந்து பொய் சொல்லாது என்றார். நீ சொன்னது சரி. அம்மாவுக்காகவும் எனக்காகவும் மன்னித்துக்கொள்.

இப்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. படிக்கும் முன் கோபப்படாதே. இரண்டு வருடத்தை முப்பதால் வகுத்தால் இருபத்து நான்கு நாள். நீயும் அஃப்ரீனும் பத்தாயத்தின் பக்கத்தில் கட்டில் போட்டு இருபத்து நான்கு நாள் இருந்தால் போதும். கதவைத் திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். உனக்குக் காத்திருக்கிற கஷ்டம் இல்லை. எனக்கு அஃப்ரீன் இந்த வயசிலேயே கிடைப்பாள். நாற்பது நாள் குழந்தையாக ஒரு முறை பார்த்தேன், இரண்டு வயதில் ஒரு முறை பார்த்தேன், என்னைக் கண்டு அழுதாள். இதற்கு மேல் ஒன்றையும் தவறவிட என்னால் முடியாது நுஸைபா. யோசித்துப் பார். அல்லாஹ் நம் வீட்டில் அந்த அறையை வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும்.

சலாஹுதீன்


குடவாசல்
25.9.1995

மச்சானுக்கு,

ஸலாம். அன்புள்ள என்று எழுத வரவில்லை, எழுதவில்லை.

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். எங்களை நெல்லாக நினைத்துவிட்டீர்கள். அறுத்த நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி மூடி, வேண்டும்போது மடையைத் திறந்து எடுத்துக்கொள்வது. எலி கடிக்காமல், ஈரம் படாமல், எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும். இதற்கு நிக்காஹ் எதற்கு மச்சான், ஒரு பூட்டு வாங்கினால் போதுமே.

காத்திருக்கிற கஷ்டம் இல்லை என்கிறீர்கள். நான் இங்கே காத்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன் என்று யார் சொன்னது? பதினோரு பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ டியூஷன் எடுக்கிறேன். வீரையன் அண்ணனோடு வரப்பில் நின்று வாய்க்கால் முறைக்குச் சண்டை போடுகிறேன். அஃப்ரீனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறேன், ழ இன்னும் அவள் கைக்கு வரவில்லை. இதெல்லாம் நீங்கள் வருவதற்குள் இடத்தை நிரப்ப நான் செய்கிற வேலை இல்லை. இது என் பொழுது. நீங்கள் தவறவிடுவதை நாங்கள் ஏன் வாழாமல் இருந்து ஈடு கட்ட வேண்டும்?

இன்னொன்று. கையெழுத்துக் கேட்டார்கள், போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது முறை இது. பதினைந்து நாள் கழித்துக் கடிதத்தில் தெரிந்துகொள்கிறேன், பேப்பரில் செய்தி படிக்கிற மாதிரி. அஃப்ரீன் மடித்து வைத்த ஆகஸ்டை நான்தான் கிழித்தேன். ஏன் என்று கேட்டாள். உங்கள் அத்தாவுக்கு ஆள் போதவில்லையாம் என்றேன்.

முடியாது. இதுதான் பதில்.

நுஸைபா


ஷார்ஜா
20.11.1995

நுஸைபாவுக்கு,

நீ எழுதியதைப் படித்து ஒரு மாதத்துக்கு மேல் பதில் எழுத மனசு வரவில்லை. நான் என்ன உங்களைப் பூட்டி வைக்கவா சொன்னேன்? ஐம்பது டிகிரி வெயிலில் மொட்டை மாடியில் கம்ப்ரஸர் மாட்டுகிறவன், தன் பிள்ளை முகம் மாறுவதற்குள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது குற்றமா? எனக்கும் வயசு முப்பத்தைந்துதான். தாடியில் பாதி நரைத்துவிட்டது. நான் கிழவனாகி வந்து நிற்கும்போது நீயாவது அப்படியே இருந்தால் என்ன கெட்டுப்போகும்?

சமீர் அண்ணனுக்கு எழுதியிருக்கிறேன். கட்டில் போட்டு, வெளிச்சத்துக்கு ட்யூப் லைட் மாட்டி, அரிசி பருப்பு எல்லாம் கொண்டுவந்து வைப்பார். அறையை வசதியாகப் பார்த்தால் உன் மனசு மாறும். நான் குடும்பத்துக்காகத்தான் சொல்கிறேன்.

சலாஹுதீன்


குடவாசல்
2.2.1996, பதினோராம் நோன்பு

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு வைத்துக்கொண்டு கோபப்படக் கூடாது என்பதால் மெல்ல எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் ரமலானுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை கட்டிலோடு வந்தார். நான் துரட்டியைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டி, சொல்லிப் பார்த்தேன். "பொம்பளைப் புள்ளைக்குக் கணக்கு அதிகமானா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கட்டிலின் கால் ஆடுகிறது என்று இரண்டு மணி நேரம் ஆப்பு வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்து டீ கேட்டார். அன்று வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் அவர் கடை இரண்டரை நாளாகப் பூட்டியே கிடந்தது, வீட்டில் ஆற்றங்கரை வரைக்கும் ஆள் விட்டுத் தேடியிருந்தார்கள். டீ குடிக்காமல் போய்விட்டார். இனி அந்த அறையின் வாசற்படியைக் கூட மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். அவர் உள்ளே இருந்தபோது நான் வாசலிலிருந்து கத்திக் கத்திக் கூப்பிட்டேன். "ஏதோ கொசு கத்திச்சு" என்கிறார். நம் பேச்சு அங்கே அப்படித்தான் கேட்கும்.

இப்போது உங்களிடம் ஒரு மார்க்க மஸ்அலா கேட்கிறேன். அங்கே நாற்பத்தெட்டு நிமிடத்துக்குள் ஐந்து பாங்கு சொல்லிவிடுவார்கள். கை கால் கழுவி ஒளு செய்து முடிப்பதற்குள் அடுத்த தொழுகையின் வக்து வந்துவிடும். நான் எந்தச் சூரியனைப் பார்த்துத் தொழுவது? முப்பது நோன்பும் ஒரு நாளில் போய்விடும். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் கை கழுவும்போது நோன்பு திறந்திருக்கும். அந்த இருபத்து நான்கு நாளில் எனக்கு இரண்டு ரமலான், அஃப்ரீனுக்கு நான்கு பெருநாள் காணாமல் போகும். அவள் வயசுக்காரிகள் எல்லாரும் மூன்றாம் வகுப்புக்குப் போயிருப்பார்கள், இவள் அவர்களுடைய தங்கைகளோடு உட்காருவாள். ஷார்ஜாவில் பெரிய ஆலிம்கள் இருப்பார்கள், கேட்டுச் சொல்லுங்கள். அவர்கள் சரி என்று சொன்னாலும் நான் போகப் போவதில்லை.

அவ்வளவு சுலபம் என்றால் நீங்கள் வந்து ஒரு நாள் இருந்து பாருங்கள்.

நுஸைபா


ஷார்ஜா
10.4.1996

அன்புள்ள நுஸைபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தள்ளிப்போட்ட லீவைக் கொடுத்துவிட்டார்கள். மே ஒன்பதாம் தேதி கிளம்புகிறேன். இரண்டு மாதம். ஜூலை முதல் வாரம் திரும்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா தானாகப் போய்விடும் என்பது உனக்குத் தெரியும். திருவிடைமருதூர்ப் பையன் அப்பாவின் மையித்தை அடக்கப் போய் அப்படித்தான் மாட்டிக்கொண்டான்.

வந்து பேசலாம். நேரில் சொன்னால் உனக்குப் புரியும். நானே அந்த அறையில் ஒரு மதியம் படுத்துக் காட்டுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை.

சலாஹுதீன்


குடவாசல், கூடம்
20.11.1996

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்பு தேவைப்படவில்லை. உங்கள் தலைமாட்டில் இருக்கிறது. முதலில் மேலே இருக்கிற தேதியைப் பாருங்கள். பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நீங்கள் படுத்தது மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. அன்று காலையில்தான் எனக்குத் தெரியும், நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய், அஃப்ரீன் இந்த வருடம் சேரப் போவதில்லை, இரண்டு வருடம் கழித்து வருவாள் என்று சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று. பெரிய டீச்சர் ஆள் அனுப்பிக் கேட்டார். நான் கேட்டபோது நீங்கள், "ஜூலைல நான் ஏறுற அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் உள்ள போறீங்க, பேச்சு முடிஞ்சுது" என்றீர்கள். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டீர்கள். "இப்ப பாரு, நானே போய் ஒரு தூக்கம் போட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போனீர்கள்.  பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது கட்டில் பத்தாயத்தின் பக்கத்தில் இல்லை. குளுமையாக இருக்கிறது என்று மூலைக்கு இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். துரட்டி எட்டாத மூலை. எட்டு அடி தூரத்தில் நீங்கள் படுத்திருந்தீர்கள். கடிகாரத்தால் அளக்க முடியாத இடத்தை உங்கள் மூச்சை வைத்து அளந்தேன். நெஞ்சு ஒரு முறை ஏறி இறங்க முப்பத்து மூன்று நிமிடம் ஆனது. நான்கு விநாடிக்கு ஒரு மூச்சு என்றால் அங்கே ஐந்நூறு மடங்கு. உங்களுக்கு ஒரு மணி நேரம் என்றால் எங்களுக்கு இருபத்தொரு நாள்.

முதல் நாள் எழுப்பாததற்குக் காரணம் கோபம். கிடக்கட்டும், ஒரு வாரம் போனால்தான் புத்தி வரும் என்று நினைத்தேன். மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய் அஃப்ரீனைச் சேர்த்தேன். ஜூலை வந்தது. உங்கள் விமானம் போயிற்று. சமீர் அண்ணன் வாசலில் நின்று கத்தினார், உள்ளே காலை வைக்க மட்டும் மாட்டேன் என்றார்.

ஆகஸ்டில் உள்ளே வந்தேன். பொய் சொல்ல மாட்டேன், எழுப்பத்தான் வந்தேன். அஃப்ரீனைப் பக்கத்து வீட்டு ஹமீதா பானுவிடம் விட்டுவிட்டு வந்தேன். உங்கள் பக்கத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சுட்ட தழும்புகளோடு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. இப்படிக் கால் நீட்டி நீங்கள் தூங்கி நான் பார்த்ததில்லை. லீவில் வந்தாலும் விடியும் முன்பே டூட்டி என்று திடுக்கிட்டு எழுவீர்கள். தோளைத் தொட்டால் போதும், எழுந்திருப்பீர்கள். எழுந்தால் பெட்டியைக் கட்டியிருப்பீர்கள், அடுத்த காண்ட்ராக்டிலும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், விசாவுக்கு அப்போது இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. கையை மட்டும் எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது மறுநாள் காலை. அஃப்ரீன் ஹமீதா பானு வீட்டு வாசலில், சீருடை மாட்டிக்கொண்டு, சடை பின்னாமல் நின்றாள். ராத்திரி முழுக்க நான் வரவில்லை என்று சாப்பிடவில்லையாம். உங்களை இரண்டு நிமிடம் பார்க்க என் பிள்ளையின் ஒரு நாளைக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கேட்டது இரண்டு வருடம்.

நவம்பர் ஒன்பதோடு ஆறு மாதம் முடிந்தது. விசா இல்லை. இந்தக் கடிதத்தை வைக்க ஓடி வந்து ஓடிப் போகிறேன், நீங்களே எழுந்து படியுங்கள். நீங்கள் படுத்து இன்னும் எட்டரை மணி நேரம் ஆகவில்லை. ஆறு வருடத்துத் தூக்கம் அல்லவா.

நான் செய்ததுதான். தெரியாமல் நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்ல மாட்டேன்.

நுஸைபா


பத்தாய அறை
தேதி எனக்குத் தெரியாது

நுஸைபா,

தூங்கி எழுந்தவன் தலையில் இடியைத் தூக்கி வைத்திருக்கிறாய். வெளிச்சத்தைப் பார்க்கிறேன், வாசல் பக்கம் விடிகிறது, இருட்டுகிறது, கண்ணைக் கொட்டினால் பொழுது மாறுகிறது. நீ எழுதியது உண்மை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. உன் கடிதத்தின் பின்பக்கத்திலேயே சட்டைப் பைப் பேனாவால் எழுதுகிறேன்.

ஏழு வருட உழைப்பு. கம்பெனியில் என் இடத்தில் யாரோ நிற்கிறான். என் டூல் பாக்ஸ் கூட அங்கேதான் இருக்கிறது. ரூமில் என் பெட்டை வேறு ஆளுக்குக் கொடுத்திருப்பார்கள். பள்ளிக்கூட விஷயத்தில் நான் செய்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல். நான் உன்னை அறைக்குள் போகச் சொன்னேன். கடிதம் எழுதிக் கேட்டேன், நீ முடியாது என்றாய், மறுபடி கேட்டேன். நீ என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? தூங்குகிறவனிடமிருந்து ஆறு மாதத்தை எடுத்துக்கொண்டாய். அஃப்ரீன் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளை எடுத்துக்கொண்டாய். எதைத் தவறவிடக் கூடாது என்று உன்னிடம் கெஞ்சினேனோ அதையே எடுத்துக்கொண்டாய்.

நான் வெளியே வரப் போவதில்லை. உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

சலாஹுதீன்


குடவாசல், வாசற்படி
14.12.1996

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் கசக்கி எறிந்த கடிதம் பத்தாயத்தைத் தாண்டி வந்து விழுந்தது. துரட்டியால் இழுத்து எடுத்தேன். அதை எழுத உங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இங்கே நான்கு நாள். ஒரு வரி எழுதி, ஒரு முறை வாசலை முறைத்து, மறுபடி ஒரு வரி எழுதியதை நாங்கள் நான்கு நாளும் பார்த்தோம்.

நீங்கள் கேட்டது சரி. நான் உங்களைக் கேட்கவில்லை. அது அநியாயம்தான், அதற்கு நான் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும், உங்களிடமும் சொல்ல வேண்டும். மூன்று முறை கையெழுத்துப் போட்டபோது நீங்கள் என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் கேட்கிற பழக்கம் வந்திருக்கும். இந்த வழக்கு இப்படிக் காகிதத்தில் முடியாது. நேரில்தான் பேசித் தீர்க்க வேண்டும். உங்கள் தரப்பில் நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லுங்கள், நடுவில் பேச மாட்டேன்.

ஆனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு நிமிடம் கோபப்பட்டால் இங்கே எட்டு மணி நேரம் போகிறது. ஒன்றரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தால் ரமலான் பிறை தெரிந்துவிடும். மூன்று மணி நேரமானால் பெருநாள் முடிந்து, அஃப்ரீனின் புதுச் சட்டை அலமாரிக்குப் போய்விடும். ஒரு நாள் பட்டினி கிடந்து என்னைத் தண்டிக்க நினைத்தால், அவள் இரண்டாம் வகுப்பையே முடித்திருப்பாள். நீங்கள் எங்களுக்குச் சொன்ன அதே இரண்டு வருடம் உங்களுக்கே நடக்கும், அதுவும் இருபத்து நான்கு நாள் கூட ஆகாமல், முப்பத்தாறு மணி நேரத்துக்கும் குறைவில்.

போன வாரம் நீங்கள் எழுந்து உட்கார்ந்ததை முதலில் பார்த்தவள் அவள்தான். அம்மா, அத்தா கொட்டாவி விடுறாங்க என்று ஓடி வந்தாள். விட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று இந்தப் படியில் உட்கார்ந்து, கடைசி வரைக்கும் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு முன்பல் விழுந்தது. வேறு யாரிடமும் கொடுக்காமல், உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். ழ எழுதுகிறாள். உங்களைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள், உங்களுக்கு அது ஈ பறந்த மாதிரிதான் தெரிந்திருக்கும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

இதை எழுதும்போது பக்கத்தில் நிற்கிறாள். என்ன எழுதறே என்றாள். அத்தாவை வரச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். "எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அவள் கேட்கிற கேள்வி, நானும் ஏதோ ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லி வந்திருக்கிறேன். இன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எட்டு அடிதான் மச்சான். எழுந்து வந்து திட்டுங்கள்.

நுஸைபா